கொழும்பு ஆன்டெனா

1986. தூத்துக்குடியில் ஒரு ரேடியோ கடை. உள்ளே இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. அதனால் உப்பளக் கணக்கப்பிள்ளை உள்ளே நிற்கிறார். அவர் மனைவி வாசற்படியில். டி.வி. பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டதாம், இன்னும் அட்டையை விட்டு இறங்கவில்லை.

சுவரில் அலுமினிய ஆன்டெனாக்கள் தொங்குகின்றன. அவர் விரல் நீட்டி எண்ணுகிறார்.

“இதுல எத்தன குச்சி?”

“பதினொண்ணு.”

“அதுல?”

“அஞ்சு.”

“அப்பம் பதினொண்ணையே தாரும்.”

கடைக்காரர் கையை உயர்த்தவில்லை. “டெல்லியா, கொழும்பா? அதச் சொல்லுங்க அண்ணாச்சி.”

டெல்லிக்கு அஞ்சு குச்சியே மிச்சம். 1984 முதல் ஊர் ஊராக நட்ட சிறிய நிலையங்கள் இன்சாட்-1பி வழியாக டெல்லியை இறக்கித் தருகின்றன. எப்படி வைத்தாலும் படம் விழும், விழுவது இந்தி. சென்னையின் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ இவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் கடலுக்கு அப்பால், சுமார் 350 கிலோமீட்டரில், இலங்கையின் உச்சியான பிதுருதலாகலையில் அந்நாட்டுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் கம்பம் நிற்கிறது. தமிழ்ச் செய்தி உண்டு. மலை 2,524 மீட்டர் உயரம்தான். அப்படியும் பூமியின் வளைவு நடுவே மறைக்கிறது. கடல்மேல் காற்று சூடும் குளிருமாக அடுக்குக் கட்டும் நாட்களில் அலை வளைந்து வந்து கரையேறும்.

“கிரிக்கெட் வரும்லா?”

“வரும். போகும்.”

கணக்கப்பிள்ளை மறுபடி பதினொன்றைப் பார்க்கிறார். எண்ணிக்கை கூடினால் ஆதாயம் கூடும் என்பது அவர் தொழிலில் சரி. இங்கே குச்சி கூடக் கூட ஆன்டெனாவின் பார்வை தூரம் போகும், அதே அளவுக்குக் குறுகவும் செய்யும். கச்சான் காற்று கம்பத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், கொழும்பு காணாமல் போகும். கடைக்காரர் இதைச் சொல்லாமல் குழாயைப் பற்றிப் பேசுகிறார்: 40 அடி ஜி.ஐ. பைப், இழுகம்பி நாலு, உச்சியில் பூஸ்டர்.

“பூஸ்டர் மழையில நனையுமே. கீழ, டி.வி. பக்கத்துல வச்சா?”

“ஒயர்ல எறங்கி வாரதுக்குள்ள படம் பாதி செத்துரும் அண்ணாச்சி. செத்தத ஊதிப் பெருக்குனா புள்ளிதான் பெருக்கும்.”

வெளியே பெஞ்சில், பழுதுபார்க்கக் கொடுத்த டிரான்சிஸ்டருக்காகக் காத்திருக்கும் நாங்கள்கூடத் தலையாட்டுகிறோம்.

சிகரெட் அட்டையின் பின்புறம் கூட்டல் ஏறுகிறது. பைப், வெல்டிங், கம்பி, ஒயர், பூஸ்டர், ஏற்றக் கூலி. ஆன்டெனாவின் விலை அந்த வரிசையில் எங்கோ அடியில் கிடக்கிறது. கணக்கப்பிள்ளை தலைகீழாகவே வாசித்து, கூலியில் விரலை வைக்கிறார். அஞ்சு ரூபாய் குறைகிறது.

“வானத்துல வாரது சும்மான்னாங்களே.”

“வாரது சும்மாதான். பிடிக்கதுக்குத்தான் காசு.”

இதுவரை வாய் திறக்காத மனைவி படியிலிருந்து கேட்கிறார்: “இழுகம்பிய மச்சுல நாலு மூலைக்கும் கட்டிட்டா, நான் வத்தல எங்க காயப்போட?”

கடைக்காரர் பேனாவை நிறுத்துகிறார். கிரிக்கெட்டுக்கு இருந்த பதில் இதற்கு இல்லை.

“மூணு கம்பி போதும் மைனி. மேக்க ஒரு மூலைய உங்களுக்கு விட்டுருதேன்.”

“மேக்க தண்ணித்தொட்டி நெழலு. கிழக்க விடுங்க.”

நாலை அடித்து மூன்றாக்குகிறார். பக்கத்தில், ‘கிழக்கு வத்தல்’ என்று குறித்துக்கொண்டு, முன்பணம் கேட்கிறார்.