தாத்தா ஏறாத வண்டி

என்னடா, மெக்கானிக்கல் பையன் புத்தரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே! நம் மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்து, அதில் ஜப்பான் கம்பெனி பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வரும்.

தாத்தா பிறந்தது மலாயா ரப்பர் தோட்டத்தில். 1943-இல் அவருக்கு ஐந்து வயது. சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பான் ராணுவம் அவருடைய அப்பாவைக் கொண்டுபோனது. 415 கிலோமீட்டர் பாதை, காட்டை வெட்டி ஒரே வருஷத்தில் முடித்தார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. போனவர் திரும்பவில்லை. அன்றிலிருந்து தாத்தாவுக்கு ஜப்பான் சாமான் ஆகாது. 2006-இல் அப்பா ஹீரோ ஹோண்டா வாங்கியபோது, "ஹீரோ இருக்கட்டும், ஹோண்டாவ இறக்கி வச்சிட்டு வா, ஏறுறேன்" என்றாராம். இன்று வரை ஏறவில்லை. பஸ்தான்.

போன சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கு ‘தேசபக்தி’ என்று தலைப்பு. எல்லோரும் பகத்சிங், கொடிகாத்த குமரன் என்று போவார்கள், நாம் வேறு ஏதாவது சொல்வோம் என்று லைப்ரரியில் தேடினேன். 1951 செப்டம்பர், சான்பிரான்சிஸ்கோ மாநாடு கிடைத்தது. தோற்ற ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் போடக் கூடிய கூட்டம். இலங்கைக்காகப் பேசியவர் அப்போதைய நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜெயவர்த்தனா. 1942-இல் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டிருந்தன. யுத்தத் தேவைக்காக ரப்பர் மரங்களை அளவில்லாமல் சீவிப் பாழாக்கியாயிற்று. நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு, ஆனாலும் கேட்கப் போவதில்லை என்றார் அவர். பகை பற்றிய புத்தர் போதனையைக் காரணம் காட்டினார். அந்த மாநாட்டுக்குப் போகாத இந்தியாவும் 1952-இல் தனி ஒப்பந்தம் போட்டு நஷ்டஈட்டை விட்டுக்கொடுத்தது.

திண்ணையில் தாத்தா முன்னால் ஒத்திகை பார்த்தேன். முழுக்கக் கேட்டார்.

"நல்லாத்தான் பேசுற. ஆனா செத்தது எங்கப்பன். மன்னிச்சது மந்திரியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் அதோடு விடவில்லை. "இதே ஆளுதானடா 83-ல அங்க ஜனாதிபதி?"

ஆமாம், அவரேதான். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடும் கடையும் எரிந்தன. நான்காம் நாள் தொலைக்காட்சியில் பேசியவர், அடிபட்டவர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. ஜப்பான்காரனுக்குக் கிடைத்த புத்தர், பக்கத்துத் தெருக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

பேச்சையே மாற்றினேன். புத்தருக்கும் ஒரு நாடு இருந்ததல்லவா, சாக்கிய நாடு? அவருடைய சொந்தக்காரர்கள் கோசல நாட்டு இளவரசன் விடூடபனை, அடிமைப் பெண் வயிற்றுப் பேரன் என்று இழிவாக நினைத்து, அவன் உட்கார்ந்த பலகையைப் பால் கலந்த தண்ணீரால் கழுவினார்களாம். (நம் ஊர்க் கதை மாதிரியே இல்லை?) அவன் ராஜாவானதும் படையோடு வந்தான். எல்லையில் சாக்கியர் பக்கம் இலை குறைந்த ஒரு மரத்தடியில் புத்தர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் நல்ல ஆலமர நிழல் இருக்கிறதே என்று அவன் கேட்டதற்கு, உறவுக்காரர்கள் இருக்கும் பக்கம்தான் தனக்குக் குளிர்ச்சி என்றாராம். மூன்று முறை அவன் திரும்பிப் போனான். நான்காம் முறை புத்தர் வரவில்லை, சாக்கியர் அழிந்தார்கள். அவர் வில்லை எடுக்கவில்லை, வந்தவனைத் திட்டவில்லை, தன் ஆட்கள் செய்தது சரி என்று வாதாடவும் இல்லை. எனக்கு இந்த தேசபக்திதான் பிடித்திருக்கிறது.

மூன்றாம் பரிசு கிடைத்தது. ஒரு டிபன் பாக்ஸ்.

இந்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் தேர்வானேன். வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஆனது. தாத்தா முதலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

"போயிட்டு வா. காஞ்சனபுரியில வெள்ளக்கார சிப்பாய்ங்களுக்குப் பேர் வெட்டி வரிசையா கல்லற இருக்கு, டிவியில பாத்தேன். எங்கப்பன் பேர எவனாவது எங்கயாவது எழுதி வச்சிருக்கானான்னு அவங்கள கேளு. காசு ஒண்ணும் வேணாம்."

ஜூலையில் சேர வேண்டும். அந்தப் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன்.