மொத்தத் தொகைக்கு மேலே உள்ள வரிகள்

கிள்ளானில் வாங்கிய புது வீட்டின் கார் போர்ச்சுக்குச் சிமெண்டு போட மூன்று குத்தகையாளர்களிடம் கொட்டேஷன் கேட்டேன். இருபதுக்கு இருபது அடி, மொத்தம் 400 சதுர அடி இடம். முதலாமவர் 4,800 ரிங்கிட் எழுதினார், இரண்டாமவர் 7,200, மூன்றாமவர் 9,600. வீட்டில் எல்லாருடைய கண்ணும் கடைசி வரியில்தான் போய் நின்றது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பெரியண்ணன் போனில், "சதுர அடிக்குப் பன்னிரண்டு வெள்ளிக்கு மேல ஒரு காசு கொடுக்காதே. நான் அப்படித்தான் போட்டேன்" என்றார். அவர் வாசலில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் விலையைக் கிள்ளானுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இரண்டு ஊருக்கும் மண் வேறு.

1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, ஓலையும் பலகையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் பிரிக்பீல்ட்ஸில் இருந்தன; அந்த ஊர் மண் செங்கல் சுட ஏற்ற மண். கிள்ளானோ கடலை ஒட்டிய தாழ்நிலம். பல தாமான்களில் மேல்மண்ணைத் தோண்டினால் சாம்பல் நிறத்தில் கடற்களிமண் வரும். பாரம் ஏற்றினால் அது உடனே இறங்காது. தன்னிடமுள்ள நீரை மெல்ல மெல்ல விட்டபடி வருடக்கணக்கில் அமுங்கும். அதனால்தான் இங்கே வீடுகளைப் பைலிங் அடித்து அதன்மேல் நிறுத்துகிறார்கள். முன்வாசலுக்கு மட்டும் பெரும்பாலும் பைலிங் கிடையாது. அது கொட்டி நிரப்பிய மண்மேல்தான் இருக்கிறது.

மூவரில் இரண்டாமவர் மட்டும்தான் இதைப் பேசினார். வந்ததும் அளவு நாடாவை எடுக்காமல் நேராகப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். அங்கே போர்ச் தரையும் வீட்டுச் சுவரும் சேரும் இடத்தில் இடைவெளி விழுந்திருந்தது. அதில் நான்கு விரலை நுழைத்துக் காட்டினார். "அண்ணே, வீடு பைல்ல நிக்குது, வாசல் மண்ணுல நிக்குது. ரெண்டையும் கம்பி போட்டு ஒண்ணாக் கட்டினா, வாசல் இறங்கறப்ப சுவத்தையும் இழுத்துக்கிட்டுத்தான் இறங்கும்." அவருடைய கொட்டேஷனில் 'வீட்டுச் சுவரோடு சேராமல் பிரி இணைப்பு' என்று தனி வரி இருந்தது. மற்ற இரண்டிலும் அப்படி எதுவும் இல்லை.

முதலாமவரின் தாளில் இருந்ததே ஒரு வரிதான்: 'கார் போர்ச் சிமெண்டு வேலை, எல்லாம் சேர்த்து.' எத்தனை அங்குலக் கனம் என்று கேட்டேன். "வழக்கமா போடறதுதான்" என்றார். இந்தக் கனத்துக்குள்தான் பணம் இருக்கிறது. 400 சதுர அடிக்கு 4 அங்குலம் போட்டால் ஏறத்தாழ 3.8 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். 3 அங்குலம் என்றால் 2.8தான். மேலே பூசி முடித்த பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அடியிலோ இரண்டு டன்னுக்கு மேல் கான்கிரீட் குறைந்திருக்கும். கம்பி வலையும் அப்படித்தான். 'பி.ஆர்.சி.' என்று மட்டும் எழுதினால் போதாது. ஏ6 என்றால் 6 மில்லிமீட்டர் கம்பி, ஏ7 என்றால் 7. அந்த வலையைத் தரையில் விரித்து அதன்மேலேயே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டால் கம்பி மண்ணோடு கிடக்கும், தரைக்கு அதனால் பயனில்லை. சின்னச் சின்னக் கட்டைகள் வைத்து வலையைத் தூக்கி நிறுத்த வேண்டும். பழைய தரையை உடைத்து அள்ளும் லாரிக் கூலி, கிரஷர் ரன் ஜல்லி கொட்டி அடுக்கடுக்காக இடித்து இறுக்குவது, பத்தடிக்கு ஒரு வெட்டு, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது என எதுவும் அந்த ஒற்றை வரியில் இல்லை.

மூன்றாமவர் 9,600 கேட்டது டைல்ஸுக்காக. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடித்தரை இறங்கும் ஊரில் பெரிய டைல்ஸ் ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓரிடம் அமுங்கினாலே டைல்ஸ் வெடிக்கும், அதே நிறம் சில வருடம் கழித்துக் கடையில் கிடைக்காது. மண் இன்னும் இறங்கும் என்று சந்தேகப்படுகிறவர்கள் இன்டர்லாக் கல்லைப் பற்றி யோசிக்கலாம். அமுங்கிய இடத்தில் மட்டும் கல்லைப் பெயர்த்து, மணல் போட்டு மட்டமாக்கி, அதே கல்லைத் திரும்பப் பதிக்க முடியும்.

பிறகு நானே ஒரு தாளில் வேலை முழுவதையும் எழுதினேன்: 4 அங்குலக் கனம், ஏ7 வலை, அடியில் இறுக்கிய கிரஷர் ரன், பிரி இணைப்பு, உடைசல் அகற்றுவது, வாசலிலிருந்து லோங்காங் எனும் வடிகால் பக்கமாக இருபதடிக்கு இரண்டரை அங்குலச் சரிவு. டைல்ஸை விட்டுவிட்டேன். மூவரையும் இதே தாளுக்கு விலை போடச் சொன்னேன். முதலாமவரின் 4,800 இப்போது 6,900 ஆனது. மூன்றாமவர் 7,800க்கு இறங்கினார். இரண்டாமவர் 7,200இலேயே நின்றார். மலைக்கும் மடுவுக்குமாகத் தெரிந்த வித்தியாசம் சில நூறு வெள்ளியில் வந்து முடிந்தது. மலிவாகத் தெரிந்தவர் செய்யாமல் விடவிருந்த வேலைதான் அந்த 2,100 வெள்ளி.

2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா தண்ணீரில் கிடந்த படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் வாசலை உயர்த்தச் சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மெத்தென்ற மண்மேல் இன்னும் ஓரடி மண் கொட்டினால் அது கூடுதல் பாரம். வாசல் இன்னும் வேகமாக இறங்கும். வழியும் தண்ணீரும் பக்கத்து வீட்டுக்குப் போகும். கேட்டுக்கு வெளியே லோங்காங் மேல் பலகை போடுவதும் நம் இஷ்டப்படி செய்கிற வேலை இல்லை. அதற்கு 2024இல் மாநகர் அந்தஸ்து பெற்ற கிள்ளான் அரச மாநகர் மன்றத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிந்தவரா என்பதை அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வக்கீல் இல்லாமலேயே பதியலாம். அங்கே போய் நின்றாலும் முதலில் எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். 'எல்லாம் சேர்த்து' என்ற தாளை வைத்துக்கொண்டு எதை வரவில்லை என்று சொல்வது? தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்த வீடு வாங்கிய எத்தனையோ நம்மவர்கள், முகம் பார்த்தே முன்பணம் பாதியைக் கொடுத்துவிடுகிறார்கள். அது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இரண்டாமவருக்கே வேலையைக் கொடுத்தேன். சாமான் வந்து இறங்கியதும் 20 விழுக்காடு; கம்பி வலையைக் கட்டைமேல் நிறுத்தி, கான்கிரீட் ஊற்றுமுன் நான் பார்த்ததும் 40; ஊற்றி முடித்து ஒரு வாரம் நனைத்ததும் 30. மிச்சம் பத்தை இரண்டு பெருமழை பார்த்து, தண்ணீர் தேங்கவில்லை என்றால் தருவதாகச் சொன்னேன். அவர் யோசித்தார். "ஒரு மழை போதும்ணே, கிள்ளான் மழை ஒண்ணே ரெண்டுக்குச் சமம்" என்றார். ஒன்று என்று முடிவு செய்து தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம்.