கடைசிப் பந்திக்கு ரசம்

மகள் கல்யாணத்துக்கு மண்டபம் தேடி நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குமாக அலைந்தோம். முதல் மூன்று வாரமும் நானும் மனைவியும் மட்டும் போனோம். சரவிளக்கையும் மேடையையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, விலைப்பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். எல்லா மண்டபமும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல். எதை வைத்து ஒன்றைத் தள்ளுவது, எதை வைத்து ஒன்றைப் பிடிப்பது? நான்காவது வாரம் மனைவி, “உங்க அண்ணியையும் கூட்டிட்டுப் போவோமே” என்றாள்.

அண்ணிக்கு எழுபது தாண்டிவிட்டது. கோலசிலாங்கூர் பக்கத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். லயத்தில் கல்யாணமோ கருமாதியோ, எதுவானாலும் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் அவரைத்தான் நிறுத்துவார்கள். அண்ணி எதையும் சும்மா பார்த்துவிட்டு வருகிற ஆள் இல்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

சட்டப்படி பார்த்தால் மகளும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே கணவன் மனைவி. முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள விதி. இருவரும் போன மாதமே பதிவை முடித்துவிட்டு, ஆளுக்கொரு தட்டு மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு, மதியம் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். பாக்கி இருந்தது தாலியும் சாப்பாடும். தாலியை ஐயர் பார்த்துக்கொள்வார். சாப்பாடு எங்கள் தலையில்.

கோயில் மண்டபம் எடுத்திருக்கலாம். ஸ்கோட் சாலைக் கந்தசுவாமி கோயில் பக்கம் போனாலே எனக்கு மனம் அமைதியாகிவிடும். ஆனால் நல்ல முகூர்த்தத்தோடு ஞாயிறும் சேர்ந்து வரும் நாட்கள் வருஷத்துக்குச் சில. அவற்றுக்கு ஊரே வரிசையில் நிற்கிறது. போதாததற்கு கார். 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்து பிரிக்பீல்ட்ஸை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்து வைத்தார். வளைவு வந்தது, வண்ணம் வந்தது, கார் நிறுத்த இடம் மட்டும் வரவில்லை. கிள்ளானும் லேசில்லை. 2024 பிப்ரவரியில் மாநகரமாகிவிட்டது என்றாலும், தீபாவளி நெருக்கத்தில் தெங்கு கிளானா சாலையில் மாட்டிக்கொண்டவருக்கு அது பழைய கிள்ளான்தான். கடைசியில் கிள்ளானில், கார் நிறுத்துமிடத்தோடும் சமையலோடும் சேர்த்து வாடகைக்கு விடும் ஒரு மண்டபத்தில் வந்து நின்றோம். பெயர் வேண்டாம்.

மண்டபத்துச் சமையல் என்றால் வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். நமக்குத் தெரிந்த சமையல்காரரைக் கூட்டி வந்தால் தனிக் கட்டணம், அதுவும் பேரம் பேசினால்தான். ஆகவே மண்டபத்தைப் பார்ப்பது பாதி, அடுப்பைப் பார்ப்பது பாதி. அந்த இரண்டாவது பாதிக்காக ‘ருசி பார்க்கும் நாள்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குளிரூட்டிய அறையில் ஒரே ஒரு வட்டமேசை. நாங்கள் ஐந்து பேர். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், இரண்டு பொரியல், ஒரு கூட்டு, பாயசம். எல்லாம் அமிர்தம். ஐந்து பேருக்குச் சமைத்தது எந்த ஊரில்தான் கெட்டுப்போகும்?

இலை போட வந்தவன் வங்காளதேசத்துப் பையன். இருபது வயதுகூட இருக்காது. நுனி வலப்பக்கம் வருகிற மாதிரி போட்டான். அண்ணி ஒன்றும் சொல்லாமல் இலையைத் திருப்பி நுனியை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டார். பையன் அதைப் பார்த்தான். அடுத்த நான்கு இலைகளையும் அவனே திருப்பிவிட்டுப் போனான். அண்ணி சோற்றில் இரண்டு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்துவிட்டு மேலாளரிடம், “தம்பி, இது எத்தனை மணிக்கு வடிச்சது?” என்று கேட்டார்.

“பதினொன்றரைக்கு, ஆன்டி.”

“கல்யாணத்தன்னிக்கு எத்தனை தடவை வடிப்பீங்க?”

அதுவரை ‘பேக்கேஜ் ஏ, பேக்கேஜ் பி’ என்று கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்த மேலாளர் முதல்முறையாக யோசித்தார். இரண்டு தடவை என்றார். “அப்போ மூணாவது பந்திக்காரன் ஆறின சோறு சாப்பிடணும்” என்று அண்ணி எழுந்து, கேட்காமலேயே பின்கதவைத் திறந்துகொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பின்னாலேயே போனேன். சைவத்துக்குத் தனி அடுப்பு இருக்கிறதா, கரண்டி தனியா, கழுவிய பாத்திரங்களை எங்கே கவிழ்க்கிறார்கள் என்று அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டார். முந்தின நாள் வேறொரு வீட்டு விருந்துக்கு மாட்டிறைச்சி வேகவைத்த அண்டாவில் மறுநாள் நமக்குப் பாயசம் காய்ச்சினால் யாருக்குத் தெரியப்போகிறது? தனிப் பாத்திரங்கள் இருந்தன. பச்சைப் பட்டை ஒட்டி அடையாளம் வைத்திருந்தார்கள். அந்தப் பச்சைப் பட்டைதான் எனக்கு மண்டபத்தின்மேல் வந்த முதல் நம்பிக்கை. சரவிளக்கு அந்த வேலையைச் செய்யவில்லை.

கணக்குக்கு வந்தோம். தலைக்கு 60 வெள்ளி. பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. பள்ளிக்கூடத்தில் கூட்டல் படித்தவர்களையும் ஏமாற்றுகிற குறி அது. ஒன்று சேவைக் கட்டணம், 10 விழுக்காடு. இன்னொன்று சேவை வரி, 6 விழுக்காடு. 2024 மார்ச்சில் அந்த வரியை 8 ஆக உயர்த்தியபோது உணவை மட்டும் 6-லேயே விட்டுவைத்தது அரசாங்கத்தின் கருணை. 500 பேருக்கு 30,000 என்று நான் மனத்தில் போட்டிருந்தது 34,800-இல் வந்து நின்றது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே தலைக்கணக்கைச் சொல்லிவிட வேண்டுமாம். குறைந்து வந்தால் பணம் திரும்பாது. கூடுதலாக வந்தால்? “டென் பர்சன்ட் எக்ஸ்ட்ரா சமைப்போம், அங்கிள். அதுக்கு மேல ஆகாது.”

நம் அழைப்பிதழில் ‘குடும்பத்துடன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பேரும் வரலாம், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் உட்பட ஏழு பேரும் வரலாம். வருகிறோம், வரவில்லை என்று முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் நம்மிடம் கிடையாது. சொல்லச் சொன்னால் கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிடுவார்கள். அந்தக் கணக்கும் தப்பும்.

திரும்பும் வழியில் அண்ணி தோட்டத்துக் கல்யாணம் ஒன்றைச் சொன்னார். லயத்துக்கு முன்னால் பந்தல். விறகு அடுப்பு நான்கு. இருநூறு பேர் என்று நினைத்துச் சமைத்த இடத்தில், பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு லாரி நிறைய ஆள் வந்து இறங்கிவிட்டார்கள். யாரும் பதறவில்லை. ஒருத்தர் கடைக்குச் சைக்கிளை மிதித்தார். நான்கு வீட்டுப் பானையிலிருந்து அரிசி வந்தது. பருப்பில் தண்ணீர் கூடியது. “சாம்பார் தண்ணியாத்தான் இருந்துச்சு, தம்பி. ஆனா ஒருத்தரும் பசியோட போகல.”

தோட்டங்களைத் துண்டு போட்டு வீடமைப்புக்கு விற்று, நாமெல்லாம் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த பிறகு அந்த அடுப்படி நம் கையை விட்டுப் போய்விட்டது. அது போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அண்ணியின் முழங்கால் அந்த அடுப்படிகளில்தான் தேய்ந்தது. ஆனால் அடுப்பு நம்முடையதாக இருந்தபோது எண்ணிக்கை தப்பினால் யாராவது ஒருத்தர் ஓடினார். இப்போது தப்பினால் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கிறார்கள். மண்டபத்தில் பார்க்க வேண்டியது அந்த ஓட்டத்துக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதைத்தான் என்று எனக்குக் காரில்தான் உறைத்தது. ருசி பார்க்கும் மேசையில் அது தெரியாது. மூன்றாவது பந்தியில்தான் தெரியும். அதற்குள் நாம் முழுப் பணத்தையும் கட்டியிருப்போம்.

இன்னொன்றையும் கிட்டத்தட்டத் தவறவிட்டோம். ஹோமப் புகை. மூடிய குளிர்சாதன மண்டபம், கூரையில் புகை உணரும் கருவி. ஐயர் நெய்யை ஊற்றுகிற நேரத்தில் அபாய மணி அடித்தால் மேளத்தை மிஞ்சிவிடும். மேடைக்கு மேலே உள்ளதை மட்டும் அந்த ஒரு மணி நேரம் மூடிவைத்து, பக்கத்தில் ஓர் ஆளையும் நிறுத்துவார்களாம். சின்ன குண்டம்தான் வைக்க வேண்டும் என்றார்கள். அக்கினி பகவான் அனுசரித்துப் போவார் என்று ஐயர் ஒப்புக்கொண்டார்.

முன்பணம் கட்டப் போன அன்றும் அண்ணி வந்தார். மேலாளர் ஒப்பந்தத்தை நீட்டினார். நான்கு பக்கம், பொடி எழுத்து. “நாதஸ்வரக்காரங்க, ஐயரு, வீடியோ புள்ளைங்க எல்லாம் எப்போ சாப்பிடுவாங்க?” என்றார் அண்ணி. கடைசியில்தான், ஆன்டி. “அவங்களுக்கும் ரசம் இருக்கணும். அதை இதுல எழுதுங்க.” மேலாளர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. மேலாளர் பேனாவை எடுத்து, மூன்றாவது பக்கத்து ஓரத்தில் கடைசிப் பந்திக்கு ரசம் உண்டு என்று மலாயில் எழுதி, சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். சோற்றை மூன்று தடவை வடிப்பதற்கும் அதற்குக் கீழேயே ஒரு வரி.

கல்யாணத்தன்று 530 பேர் வந்தார்கள். மணி இரண்டேகாலுக்கு நாதஸ்வரக்காரர்களோடு அண்ணியும் நானும் உட்கார்ந்தோம். அதே வங்காளதேசத்துப் பையன் நுனியை இடப்பக்கம் வைத்து இலை போட்டான். சோறு சுட்டது. ரசம் வந்தது, வாளி நிறைய. அப்பளம் தீர்ந்துபோயிருந்தது.

அதை எழுதச் சொல்ல மறந்துவிட்டோம்.