வியன்னாவில் ஒரு சலவைக்கூடம்

அக்கா ஜேர்மனியில், மியூனிச் நகரில் வசிக்கிறார். கடந்த கோடையில் அம்மாவையும் எங்கள் குடும்பத்தையும் அங்கு அழைத்திருந்தார். அங்கிருந்து நான்கு மணித்தியால ரயில் பயணத்தில் ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னா. அக்காவுக்கு மூன்று நாள் லீவுதான் கிடைத்தது. பிள்ளைகளுக்கு இராட்டினம் பார்க்க வேண்டும், கணவருக்கு அரண்மனை, அக்காவுக்குக் கோப்பிக்கடை. எனக்கோ, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நாட்களில் பெயர் மட்டும் கேட்டிருந்த ஒரு தொடர்மாடி. "கோயில் ஒண்டும் இல்லையே?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

முதல் நாள் ஷோன்புறூன் அரண்மனை. அதில் 1441 அறைகளாம். 1740 முதல் 1780 வரை ஆட்சி செய்த மரியா தெரேசா பதினாறு பிள்ளைகளைப் பெற்றவர். 1774 இல் கட்டாயக் கல்விச் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. "பதினாறும் பெத்துப்போட்டு நாட்டையும் ஆண்டிருக்கிறா" என்று அம்மா வியந்தார். பிள்ளைகளைப் பார்க்க எத்தனை பணிப்பெண்கள் இருந்திருப்பார்கள் என்று அக்கா கேட்டார். பொன்முலாம் பூசிய அந்த அறைகளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுரங்க ரயிலின் கடைசி நிலையமான ஹைலிகன்ஸ்டாட்டில் இறங்கி வெளியே வந்தால், எதிரே நிற்கிறது கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீற்றருக்கும் மேல் நீளமான ஒரே கட்டடம். 1927 முதல் 1930 வரை நகரசபை கட்டியது. கட்டியபோது 1382 வீடுகள். ஆனால் நிலத்தில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம் இருக்கிறது. மீதியெல்லாம் முற்றமும் புல்தரையும் மரங்களும். நடு வளைவுகளுக்கு மேலே நான்கு உருவச் சிலைகள். அவற்றில் ஒன்று சமூக நலனைக் குறிப்பதாம். என் தொழிலுக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள் என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

முதலாம் உலகப் போருக்குப் பின் வியன்னாவின் தொழிலாளர் குடும்பங்கள் இருட்டறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தன. தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் இல்லை. மாடிக்கொன்றாகப் பொது நடையில் இருக்கும். பெண்கள் வாளியோடு அங்கே காத்து நிற்பார்கள். 1919 முதல் 1934 வரை நகரை ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சியினர் 1923 இல் வீடமைப்புக்கென ஒரு வரியை விதித்தார்கள். பெரிய வீட்டுக்காரருக்குப் பெரிய வரி, சிறிய வீட்டுக்காரருக்குச் சிறிய வரி. ஆடம்பரங்களுக்கும் தனி வரி இருந்தது. பந்தயக் குதிரைக்கு வரி, மோட்டார் வண்டிக்கு வரி, வீட்டு வேலையாட்களை வைத்திருப்பதற்கும் வரி! அப்படிச் சேர்ந்த பணத்தில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளேயே தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும்.

1934 பெப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது இந்தக் கட்டடத்தின் மீது அரச படைகள் பீரங்கியால் சுட்டன என்று அக்கா மொழிபெயர்த்தார். அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே முன்பள்ளிகள், பற்சிகிச்சை நிலையம், நூலகம், பொதுக் குளிப்பறைகள், இரண்டு பெரிய சலவைக்கூடங்கள் எல்லாம் இருந்திருக்கின்றன. ஒரு சலவைக்கூடக் கட்டடத்தில் இப்போது அந்தக் காலத்தைப் பற்றிய கண்காட்சி நடக்கிறது. அம்மா அதிக நேரம் நின்றது அங்கேதான். 2009 இல் முகாமில் இருந்த மாதங்களில், இரண்டு வாளித் தண்ணீருக்காக விடியமுன் வரிசையில் போய் நின்றவர் அவர். வியன்னாவில் குழாயடியில் காத்து நின்ற பெண்களின் கதையை அக்கா சொன்னபோது, "எல்லா இடத்திலும் வாளி பொம்பிளையளின்ர கையிலைதான்" என்றார்.

இயந்திரம் வந்த பிறகும் அது பெண்களின் கையில்தான் இருந்தது. அந்தச் சலவைக்கூடங்களில் குடியிருப்பு ஆண்களுக்கு அனுமதியில்லை. இயந்திரங்களை மேற்பார்வை செய்தவர் மட்டும் ஆண்! பெண்ணின் சுமையைக் குறைத்தவர்கள், அது பெண்ணின் சுமைதானா என்று கேட்கவில்லை. இதை நான் கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போலும், கணவர் மெல்ல அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

எனக்கு வன்னி நினைவுக்கு வந்தது. மீள்குடியேறிய குடும்பங்களோடு நான் வேலை செய்த ஒரு கிராமத்தில், வீட்டுத்திட்டத்தில் கட்டிக்கொடுத்த வீடுகளில் குசினி பின்மூலையில் இருந்தது. புகைபோக வழி போதாது. அடுப்படியில் நின்றால் படலையும் தெரியாது, முற்றத்தில் விளையாடும் பிள்ளையும் தெரியாது. கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்குப் படலை தெரிய வேண்டும் அல்லவா? சில மாதங்களில் ஒவ்வொரு வீட்டின் பக்கத்திலும் ஒரு கிடுகுக் கொட்டில் முளைத்தது. சமையல் அங்கே, விறகு புதுக் குசினியில். வரைபடம் கீறமுன் எங்களிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்றார்கள் பெண்கள். அந்தப் பத்திரத்தில் "பயனாளிகள் திருப்தி" என்று எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

ஆகவே கடைசி நாள் காலை, பிள்ளைகள் முணுமுணுக்க, டனியூப் நதிக்கு அப்பால் புளோரிட்ஸ்டோர்வ் பகுதிக்கு எல்லோரையும் இழுத்துப் போனேன். அங்கே 'பிறவுவன் வேர்க் ஸ்டாட்' என்றொரு குடியிருப்பு இருக்கிறது. பெண்களின் வேலை நகரம் என்று சொல்லலாம். 1993 இல் பெண் கட்டடக் கலைஞர்களை மட்டும் அழைத்துப் போட்டி வைத்து, 1997 இல் 357 வீடுகளோடு கட்டி முடித்தார்கள். வீட்டுவேலையும் பிள்ளை பராமரிப்பும் செய்பவரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்கினார்களாம். மாடிதோறும் தள்ளுவண்டி வைக்க இடம். படிக்கட்டுகளில் பகல் வெளிச்சம். வளவுக்குள்ளேயே முன்பள்ளி. ஆட்களின் வீடுகளுக்குள் நுழைய முடியாதுதானே, முற்றத்து வாங்கில் இருந்தோம். பார்ப்பதற்குச் சாதாரணக் கட்டடம்தான். படம் எடுக்கக்கூட ஒன்றுமில்லை என்றான் மகன். அம்மாதான் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதிலை ஒருத்தி சமைக்கிறா பிள்ளை. இஞ்ச விளையாடுற பெடியனைப் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறா."

பின்னேரம் பிறாட்டர் பூங்கா. 1897 இல் கட்டிய அந்தப் பெரிய இராட்டினத்தில், ரயில் பெட்டி போன்ற கூண்டுகள் மெதுவாக மேலே போகின்றன. நகரம் முழுவதும் காலடியில் விரிந்தது. தேவாலயக் கோபுரம், மலைகள், தூரத்தில் நதி. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். கணவர் படம் எடுத்துத் தள்ளினார்.

இறங்கி வந்தபோது அம்மா கீழே வாங்கில் இருந்தார். இரண்டு பக்கமும் எங்கள் பைகள், மடியில் பிள்ளைகளின் மேற்சட்டைகள், கையில் என் கைப்பை. ஏறமுன் ஆளுக்காள் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறோம். அம்மாவுக்கும் சேர்த்து ரிக்கற் எடுத்தோமா என்று எனக்கு நினைவில்லை.

"நீங்களும் ஏறியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"பைகளை ஆர் பிள்ளை பார்க்கிறது?" என்றார் அம்மா.