ரீஓப்பன்

பொட்டி தட்டுறவங்களுக்குத் தெரியும். சரி பண்ணிட்டோம்னு மூடின பக், நாலாம் நாள் 'ரீஓப்பன்'னு நம்ம தலையிலேயே வந்து விழும். எனக்குள்ளயும் அப்படி ஒண்ணு இருக்கு. யாருக்கும் தெரியாத ஒரு பாவம். என்னன்னு சொல்ல மாட்டேன். சஸ்பென்ஸுக்காக இல்லைங்க. அல்லாஹ் மறைச்சு வெச்சதை தானே ஊருக்குச் சொல்றவனைப் பத்தி புகாரியில கடுமையான எச்சரிக்கை இருக்கு.

அழுது தவ்பா செய்வேன். ரெண்டு வாரம் தாங்கும். அப்புறம் ஒரு ராத்திரி, தனி ரூம், லேப்டாப்... மறுபடியும் அதே கதை. ஒரு கட்டத்துல தவ்பா செய்யவே வெக்கமா போச்சு. 'யாரை ஏமாத்துற?'ன்னு மனசு கேக்கும். மெல்ல மெல்ல தொழுகையும் விட்டுப் போச்சு.

அப்பதான் ஒரு ஞாயித்துக்கிழமை நண்பனோட பைக்ல பொன்னேரி வழியா பழவேற்காடு போனேன். 1613-ல டச்சுக்காரங்க கோட்டை கட்டின ஊர். அவங்க கல்லறைத் தோட்டத்து வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருக்காங்க. நண்பன் போட்டோ எடுத்தான். எனக்கு வயித்தைக் கலக்குச்சு. உயிர் தொண்டைக்குழிக்கு வர்ற வரைக்கும்தானே தவ்பாவோட கெடு!

அப்புறம் படகுல முகத்துவாரம் பக்கம் போனோம். ஏரி கடல்ல சேர்ற அந்த வாய், மணல் அடிச்சு அடிக்கடி தூர்ந்து போகுமாம்.

"தோண்டினாலும் மறுபடி மூடிக்குமே, அப்புறம் எதுக்குண்ணே தோண்டுறீங்க?"

படகுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூடிக்கும்தான் தம்பி. அதுக்காக வுட்டுட்டா? கடத்தண்ணி உள்ள வராது, எறாக்குஞ்சு வராது, படகு வெளிய போவாது. மூடுனா வெட்டுவோம். இப்ப ரெண்டு பக்கமும் கல்லு கொட்டி சுவரு கட்டுறதுன்னு கவருமெண்டு எறங்கிருக்கு."

வீட்டுக்கு வந்து ரியாளுஸ் ஸாலிஹீனை எடுத்தேன். இமாம் நவவி சொல்ற நிபந்தனை மூணு: பாவத்தை விடணும், வருந்தணும், இனி செய்ய மாட்டேன்னு உறுதி எடுக்கணும். அடுத்தவன் உரிமை சம்பந்தப்பட்டதுன்னா அதைத் திருப்பிக் கொடுக்கறது நாலாவது. 'இனி சறுக்கவே மாட்டேன்'னு கேரண்டி அந்த லிஸ்ட்ல இல்லை! அந்த நேரத்து உறுதி உண்மையா இருக்கணும், அவ்ளோதான். மறுபடி மறுபடி பாவம் செஞ்சு, ஒவ்வொரு தடவையும் மன்னிப்பு கேட்டு வாங்கின அடியானோட ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ரெண்டுலயும் இருக்கு.

அதே ரெண்டு நூல்லயும் 99 கொலை செஞ்சவன் கதையும் இருக்கு. நூறாவதும் செஞ்சுட்டு ஒரு ஆலிம்கிட்ட வர்றான். 'தவ்பா உண்டு'ன்னு மட்டும் அவர் சொல்லலை. 'அந்த கெட்ட ஊரை விட்டுக் கிளம்பு'ன்னும் சொன்னார். வெட்டினா மட்டும் போதாது, சுவரும் வேணும்.

என் சுவர் ரொம்ப சிம்பிள். ராத்திரி பத்து மணிக்கு மேல லேப்டாப்பும் போனும் ஹால்ல, அம்மா கட்டில் பக்கத்துல. "என்னடா புதுசா?"ன்னாங்க. "கண்ணு வலிக்குதும்மா"ன்னேன்.

ஜெயிச்சுட்டேன்னு பீத்திக்க மாட்டேன். போன மாசம் ஒரு தடவை மறுபடி மூடிக்கிச்சு. ஆனா இந்த முறை வாரக்கணக்குல ஒளிஞ்சுக்கலை. அன்னிக்கே குளிச்சு, ரெண்டு ரக்அத் தொழுது, மறுபடி வெட்ட ஆரம்பிச்சேன்.

உங்ககிட்டயும் அப்படி ரீஓப்பன் ஆகிட்டே இருக்கிற ஒண்ணு இருந்தா, எனக்குச் சொல்ல வேண்டாம். அவன்கிட்ட சொல்லுங்க, இன்னிக்கே.