நகலெடுக்கலாம், ஆனால் யாருடையதை?



எங்கள் விஞ்ஞானக் கழகத்துப் பிள்ளைகள் பழைய மொடல் கார்களின் பாகங்களை ரெசினில் வார்த்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பெற்றோர் சிலர், "அடுத்தவன் செஞ்சத கொப்பி பண்ணி விக்கிறது சரியா சேர்?" என்று கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மொடல் கார் கிட் என்றால், பெட்டிக்குள் ஒரு கார் துண்டு துண்டாக வரும். பாகங்களை வெட்டியெடுத்து, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமே காரைச் செய்ய வேண்டும். கம்பனிகள் இதை உருக்கு அச்சில் வார்க்கின்றன. அந்த அச்சுக்குப் பெருந்தொகை செலவாகும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும். விற்பனை குறைந்தால் நிறுத்திவிடுவார்கள். அதன்பிறகு ஒரு பம்பர் உடைந்தாலும் வாங்க வழியில்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜோஹான் என்றொரு கம்பனி இருந்தது. 1947இல் தொடங்கியது. அவர்கள் விட்ட கிட்களில் ஒன்று கிரைஸ்லர் டர்பைன் கார். பிஸ்டன் இல்லாமல், விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன் எஞ்சினில் ஓடிய கார் அது. 1963, 64இல் உண்மைக் கார்கள் மொத்தம் 55தான் செய்தார்கள். பரீட்சித்துப் பார்த்த பிறகு 46ஐ அந்தக் கம்பனியே அழித்துவிட்டது. மிஞ்சியவை 9. கிட் செய்த கம்பனியும் பின்னர் நொடித்துப்போய், அதன் அச்சுகள் கைமாறிச் சிதறின. அந்தக் கிட்டை வைத்திருப்பவருக்கு ஒரு துண்டு தொலைந்தால், யாராவது வார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. இப்படிச் சிறிய அளவில் ரெசினில் வார்த்துக் கொடுப்போர் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

எங்களிடம் வந்தது மொறிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்த கார், நம் நாட்டு ரோட்டில் இன்றும் ஓடுகிறது. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த ஊரவர் ஒருவர் அதன் பழைய கிட்டைக் கழகத்துக்குத் தந்தார். முன் பம்பரும் ஒரு சில்லும் இல்லை. விசாரித்ததில், கொழும்பில் ஒருவரிடம் அதே கிட் முழுசாக இருந்தது. முன்பின் தெரியாத எங்களை நம்பி, அந்த இரண்டு துண்டுகளையும் பஞ்சில் சுற்றி பஸ்ஸில் அனுப்பிவைத்தார். "இது அமானிதம். கீறல் விழாமத் திருப்பிக் குடுக்கணும்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

வேலை இப்படித்தான். பாகத்தை மொடலிங் களியில் பாதி புதைத்து, சுற்றிச் சுவர் கட்டி, மேலே சிலிக்கன் ஊற்ற வேண்டும். களியில் கந்தகம் இருந்தால் சில வகைச் சிலிக்கன் இறுகவே இறுகாது. ஒரு நாள் கழித்துத் திருப்பி, களியை எடுத்துவிட்டு, வஸ்லின் பூசி மறுபாதியை ஊற்ற வேண்டும். வஸ்லின் பூசாவிட்டால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிறகு ரெசின் போக ஒரு வாய், காற்று வெளியேற மெல்லிய துளைகள்.

பைபர் போட் செய்யும் இடத்தில் கிடைக்கும் பொலியெஸ்டர் ரெசினைத்தான் முதலில் எடுத்தோம். மலிவு. ஆனால் இறுகும்போது சுருங்கியது. பம்பர் இரு முனையிலும் காரோடு பொருந்தவில்லை. அதன் ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கண்ணாடி இல்லாமல் யாரையும் கிட்ட விடவில்லை. பிறகு கொழும்பிலிருந்து பொலியூரித்தேன் எடுத்தோம். சுருக்கம் மிகக் குறைவு, சில நிமிடத்தில் இறுகிவிடும். அதற்கு எதிரி ஈரம். தண்ணீர் பட்டால் உள்ளுக்குள் காபனீரொட்சைட்டு உண்டாகி நுரைத்துவிடும். நம் கடற்கரைக் காற்றில், அதுவும் மாரி மழைக் காலத்தில், டின்னைத் திறந்து வைத்தால் கதை முடிந்தது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இரசாயனத் தாக்கத்தைப் புத்தகத்தில் படித்ததைவிட இதில்தான் நன்றாகப் படித்தார்கள்.

பம்பர் சரியாக வந்தது. அமானிதம் திரும்பிப் போனது, கூடவே கொழும்புக்காரருக்கு இரண்டு நகல்களும். அவர் மூலமாக அதே பாகம் தேவைப்பட்ட வேறு சிலரும் கேட்டார்கள். கொடுத்தோம். சிலிக்கன் அச்சும் நெடுநாள் தாங்காது, சில பத்து வார்ப்புகளில் கிழியத் தொடங்கிவிடும். இதில் யாரும் பணக்காரர் ஆக முடியாது.

பிரச்சினை பிறகுதான் வந்தது. கழகத்தில் கை சுத்தமான பிள்ளை ஒருவன். வீட்டில் பணத்துக்குக் கஷ்டம். அவனுக்கு ஒரு ஓடர் வந்தது. வெளிநாட்டில் ஒருவர் தானே வடிவமைத்து, இப்போதும் விற்றுக்கொண்டிருக்கும் ரெசின் சில்லுகளில் ஒரு செட்டை வாங்கி அனுப்புவார்களாம். அதை அச்செடுத்து இருபது செட் வார்த்துக் கொடுக்க வேண்டுமாம். நல்ல காசு. அவன் என்னிடம் வந்து, "சேர், பம்பரும் கொப்பிதானே, இதுவும் கொப்பிதானே? அது சரியெண்டா இது ஏன் பிழை?" என்று கேட்டான்.

நான் முப்தி இல்லை, ஆசிரியன். ஆனாலும் தெரிந்ததைச் சொன்னேன். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988இல் குவைத்தில் கூடியபோது, வர்த்தகப் பெயர், எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை மார்க்கம் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது.

ஆனால் மருதமுனையில் பிறந்தவனுக்கு இதைச் சட்டப் புத்தகம் காட்டித்தான் விளக்க வேண்டுமா? என் வாப்பா தறிகாரர். ஒரு சாரத்தின் கரைக்கு நிறம் சேர்க்க நாலைந்து நாள் நூலை மாற்றி மாற்றிப் பார்ப்பார். அந்தச் சாரம் கடைக்குப் போய்ச் சில மாதத்தில், அதே கரை விசைத்தறியில் அடித்து அரை விலைக்கு வந்து நிற்கும். வாப்பா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தறியை நிறுத்திவிட்டு அடுத்த கரையை யோசிப்பார். அந்த மாதம் வீட்டில் கறி குறையும்.

பம்பரை வார்த்ததால் யாருடைய வீட்டிலும் கறி குறையவில்லை, செய்தவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள். மொறிஸ் மைனர் நின்று இருபது வருடம் கழித்து, 1990களில், உண்மைக் காருக்கே உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய நாடு நம் நாடு. அது பழைய காரை வாழவைத்த வேலை. ஆனால் அந்தச் சில்லுக்காரர் இப்போதும் அதை விற்றுத்தான் சாப்பிடுகிறார். அவரும் ஒரு தறிகாரர்தான்.

பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஓடரை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்தக் காசு அவன் வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

இப்போது கழகச் சுவரில் மூன்று விடயம் எழுதி ஒட்டியிருக்கிறோம்:
1. விற்பனையில் இருப்பதை வார்ப்பதில்லை.
2. உரியவரோ அச்சை வாங்கியவரோ மீண்டும் வெளியிட்டால் அன்றே நிறுத்துவோம்.
3. ஒவ்வொரு துண்டின் உட்பக்கத்திலும் இது நகல் என்ற அடையாளம் இருக்கும்.

அந்தப் பிள்ளை இப்போது அலுமினியக் கம்பியையும் பிளாஸ்டிக் தகட்டையும் வைத்துத் தானே ஒரு சில்லு செய்துகொண்டிருக்கிறான். முடிந்தால் அதுவே அவனுடைய மூல அச்சு. இன்ஷா அல்லாஹ், அதை அவன் தாராளமாக விற்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் உடைந்த பழைய மொடல் கிட் ஏதும் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள், கழகத்துக்குத் தாருங்கள். மார்க்க விளக்கத்தில் கூட்டவோ குறைக்கவோ இருந்தால் நம்மூர் உலமாக்கள் கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். பெருநாளைக்குச் சாரம் எடுக்கும்போது, இது எந்தத் தறியில் நெய்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.