பின்கதவுக்குப் புத்தகம் இல்லை

நண்பர் ஒருவர் நாலு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றை வாங்கிவிட்டு, அதற்கு 'விஏ' நம்பர் பிளேட் மாட்டாமல் ஓயமாட்டேன் என்று நிற்கிறார். ஐம்பது வருடம் கடந்த வண்டிகளுக்காக 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பதிவு அது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பணம் கட்டிவிடலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிதாக மாறாமல் பழையபடி இருக்க வேண்டுமாம். பழையபடி என்றால் எப்படி, அதை யார் சொல்வது? "கருங்குழியில ஒரு டிங்கர் இருக்கார், வா" என்றார்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தகரக் கொட்டகை. அறுபதைத் தாண்டிய மனிதர். ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். அதைத் திறந்தவர், நம்பர் தகட்டை விட்டுவிட்டு அதைப் பிடித்திருந்த ரிவிட்டைத்தான் முதலில் தடவினார். "நம்பர் எவன் வேணா குத்துவான் சார். ரிவிட்டு பழசானு பாருங்க." பிறகுதான் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டார். எஞ்சின் பற்றி இருவரும் பேசியதில் 948 சிசி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

நண்பர் கையில் இங்கிலாந்துப் பாகப் பட்டியலின் ஜெராக்ஸ். ஒவ்வொரு போல்ட்டுக்கும் படமும் எண்ணும் உண்டு. ஹெரால்டு அங்கே டிரையம்ப் வண்டி. டிரையம்ப் வண்டிகளின் ஆலைப் பதிவேடுகள் கேய்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பணம் கட்டினால் வண்டியின் பிறப்புச் சான்றிதழ் போல ஒன்று தருவார்கள். ஆனால் 1959இல் அங்கே வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நாலு கதவு வண்டி சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை தானாகச் செய்தது. அந்தப் புத்தகத்தில் பின்கதவே கிடையாது. இங்கே எழுதிக் கேட்கலாம் என்றால் ஆலை 1988லேயே நின்றுபோயிற்று.

டிங்கர் பரணிலிருந்து துருப்பிடித்த தகரத் தகடு ஒன்றை இறக்கினார். பின்கதவின் வளைவு அச்சு. கீல் வரும் இடத்தில் ஆணியால் கீறிய கோடுகள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, தாம்பரம் பக்கம் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அந்த ஆலையில் தகடு அடித்தவர். விபத்தில்லாத ஒரு வண்டியின் கதவைக் கழற்றி வைத்து மேஸ்திரி வெட்டிய அச்சு இது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத இவரிடம்தான் அந்தக் கதவின் ஆவணம் இருக்கிறது.

இந்த அச்சை வைத்து அடித்த கதவுகளை ஒரு புரோக்கர் வாங்கிப்போகிறார். சென்னையில் அவை 'கம்பெனி ஒரிஜினல்' ஆகிவிடுகின்றன. இவருக்குக் கிடைப்பது அடிகூலி. வாங்குகிற பெரிய மனிதர்கள் வண்டியின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள்; கதவை அடித்தவன் பெயரைக் கேட்கமாட்டார்கள். பாரம்பரியம், பாரம்பரியம் என்று ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போகிறவர்களுக்குப் பெட்ரோலுக்குக் காசிருக்கிறது, தகடு அடித்த கைக்கு மட்டும் பேரம். அச்சையே விலைக்குக் கேட்டிருக்கிறார் அந்தப் புரோக்கர். இவர் தரவில்லை.

நண்பர் வண்டியின் இடது பின்கதவு அச்சோடு ஒட்டவில்லை. யாரோ பட்டி வைத்து மெழுகியது. புதிதாக அடித்துத் தருவதாகப் பேச்சு. அச்சுப்படி செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டார் நண்பர்.

"போட்டுத் தரேன் சார். புரோக்கர்கிட்ட மட்டும் காட்டாதீங்க. நேரடியா வேலை எடுக்கறேன்னு அடுத்த கதவுக்குக் கூலியைக் குறைச்சிடுவான்" என்றார்.